யவன வீரருக்கு என்ன வண்ணம்? வடக்குப்பட்டு அகழாய்வும் சங்கச் சான்றுகளும்

ரோமானியப் படைவீரர்களின் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது மேலை நாடுகளில் பலரும் விரும்பும் பொழுதுபோக்கு ஆகும். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 18ஆம் நூற்றாண்டில் தட்டையான வெள்ளீய வீரர்கள் வார்க்கப்பட்டனர். 1893இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வீரர்களைக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கியது. இன்று பெரும்பாலும் ஒரு விரல் உயரமே உள்ள பிளாஸ்டிக் உருவங்கள் விற்பனையாகின்றன. வாங்குபவர்கள் நுண்ணிய தூரிகையால் அவற்றுக்குத் தாமே வண்ணம் தீட்டுகின்றனர்.

ஒரு தமிழ் மாணவர் அத்தகைய உருவம் ஒன்றைத் தமிழ் மன்னனின் வாயிலில் நின்ற யவனக் காவலராகத் தீட்ட விரும்பினால் என்ன உடை, என்ன வண்ணம் கொடுப்பது? இக்கேள்விக்கு விடை தேட ரோமானியத் தொல்பொருள்கள், சங்க இலக்கியம், ஒரகடம் அருகே அண்மையில் நடந்த ஓர் அகழாய்வு ஆகிய மூன்றும் துணை செய்கின்றன.

ரோமானியச் சான்றுகள்

ரோமானிய வீரர் என்றவுடன் சிவப்பு உடை நினைவுக்கு வருவதற்குத் திரைப்படங்கள் ஒரு முக்கியக் காரணம். உண்மையான சான்றுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. ரோம் நகரில் உள்ள டிராஜன் தூணில் ஏராளமான வீரர்கள் செதுக்கப்பட்டுள்ளனர். ஆயினும் இன்று எஞ்சியிருப்பது வெறும் கல் மட்டுமே. எகிப்தில் கிடைத்த இறந்தோர் ஓவியங்களில் படைவீரர் சிலர் வெள்ளை மேலாடையுடன் காணப்படுகின்றனர். சிரியாவின் டூரா யூரோபோஸ் என்னும் இடத்தில் 1930களில் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வளைந்த மரக்கேடயம் ஒன்று கிடைத்தது. சிவப்புப் பின்னணியில் கழுகும் சிங்கமும் தீட்டப்பட்ட அக்கேடயம் இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் உள்ளது. எனவே கேடயத்துக்குச் சிவப்பு பொருந்தும். உடை சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சங்க இலக்கியம் காட்டும் யவனர்

யவனர் என்னும் சொல் முதலில் அயோனியக் கிரேக்கரைக் குறித்தது. பின்னர் ரோமானியப் பேரரசிலிருந்து வந்த பலரையும் அது குறிக்கலாயிற்று. ஆகவே சங்க நூல்களில் வரும் யவனர் அனைவரும் ரோம் நகரத்தார் என்று கொள்ளக் கூடாது.

காவிரிப்பூம்பட்டினத்தைச் சேர்ந்த நப்பூதனார் 103 அடிகளில் பாடிய முல்லைப்பாட்டு, பாசறையில் மன்னனின் இருப்பிடத்தை அமைத்துக் காக்கும் யவனரை வருணிக்கிறது. அவர்கள் உடையை இறுக உடுத்தியவர்கள். மத்திகை என்னும் குதிரைச் சவுக்கை வளைத்துச் சுற்றியவர்கள். மெய்ப்பை என்னும் சட்டை அணிந்தவர்கள். கண்டோர் அஞ்சும் தோற்றமும் வலிய உடலும் கொண்டவர்கள். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை வாயிலை வாளேந்திய யவனர் காக்கின்றனர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். முல்லைப்பாட்டின் யவனரிடம் பெரிய கேடயமோ கொண்டை வைத்த தலைக்கவசமோ சொல்லப்படவில்லை. ரோமானியப் படையணி தமிழகத்தை ஆளவும் வரவில்லை. இலக்கியம் காட்டும் யவன வீரர் தமிழ் மன்னனிடம் காவல் பணி செய்பவர். மறுபுறம், சேர மன்னன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைச் சிறைப்பிடித்து, கைகளைப் பின்கட்டாகக் கட்டித் தலையில் நெய் ஊற்றிய செய்தியைப் பதிற்றுப்பத்தின் பதிகம் தருகிறது. யவனரோடு நட்பும் இருந்தது, மோதலும் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

வணிகமே அடிப்படை

யவனரைத் தமிழகத்துக்கு அழைத்து வந்தது வணிகம். பொன்னோடு வந்த யவனர் கலங்கள் முசிறியில் மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறுகிறது. யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் குறிப்பிடுகிறார். இத்தகைய மது, ஆலிவ் எண்ணெய் போன்றவை இரு கைப்பிடிகள் கொண்ட ஆம்போரா என்னும் சாடிகளில் வந்தன. 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும், பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்திலும் அவற்றின் உடைந்த ஓடுகள் கிடைத்துள்ளன.

வடக்குப்பட்டு

திருப்பெரும்புதூர், ஒரகடம் என்றால் இன்று கார்த் தொழிற்சாலைகளும் கண்டெய்னர் லாரிகளுமே நினைவுக்கு வருகின்றன. ஒரகடத்துக்கு அருகே உள்ள வடக்குப்பட்டு கிராமத்தில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. சுமார் 12,000 ஆண்டுகள் பழமையானவை எனக் கணிக்கப்பட்ட இடைக்கற்காலக் கருவிகள் அங்கு வெளிவந்தன. சங்க காலத்தைச் சேர்ந்த கண்ணாடி மணிகள், சுடுமண் விளையாட்டுப் பொருள்கள், பொன் அணிகள் ஆகியவற்றோடு ரோமானிய ஆம்போரா ஓடுகளும் கிடைத்தன.

அரிக்கமேடும் வசவசமுத்திரமும் கடற்கரையை ஒட்டியவை. வடக்குப்பட்டு உள்நாட்டுக் கிராமம். கடல் கடந்து வந்த சாடி இங்கு வரை வந்துள்ளது என்றால், துறைமுகத்தோடு இப்பகுதிக்கு ஏதோ ஒரு தொடர்பு இருந்திருக்க வேண்டும். அந்த ஓடுகளை வைத்து யவன வீரர் இங்கு தங்கினார் என்று சொல்ல இயலாது. சாடி பல கைகள் மாறி வந்திருக்கலாம். சான்று சொல்வதை மட்டும் சொல்வதே வரலாறு.

ஞாயிற்றுக்கிழமைப் பயணம்

தொழிற்சாலைப் பணியாளர்களும் மாணவர்களும் விடுமுறை நாளில் குடும்பத்துடன் இவ்வரலாற்றைத் தேடிச் செல்லலாம். அகழாய்வுக் குழிகள் ஆவணப்படுத்தப்பட்ட பின் பொதுவாக மூடப்பட்டுவிடும். ஆயினும் ஏரியும் வயலும் சூழ்ந்த நிலஅமைப்பைப் பார்த்தாலே மக்கள் ஏன் இப்பகுதியில் குடியேறினர் என்பது புரியும். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் சென்றால், பொம்மைக்காரத் தெருவில் கொலுப் பொம்மைகள் உருவாவதைக் காணலாம். களிமண்ணை உலர்த்திச் சுட்டு, வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டும் அக்கலைக்கும் மேலை நாட்டுச் சிற்றுருவக் கலைக்கும் முறையில் பெரிய வேறுபாடு இல்லை. 1851இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் தொகுப்பில் ரோமானியக் காசுகள் உள்ளன.

வயலிலோ ஏரிக்கரையிலோ பழைய ஓட்டையோ மணியையோ கண்டால் எடுத்து வரக் கூடாது. இருந்த இடத்திலிருந்து பிரிந்த ஓடு தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது. எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடைத்தது என்பதை வைத்தே காலம் கணிக்கப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தகவல் தருவதே முறை. கட்டடங்களுக்காக நாள்தோறும் மண் தோண்டப்படும் இப்பகுதியில் இந்த எச்சரிக்கை மிகவும் தேவை. பொக்லைன் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் அள்ளும் மண்ணைத் தொல்லியலாளர்கள் பல வாரங்கள் சிறிது சிறிதாகச் சுரண்டி ஆராய்வார்கள்.

விடை

யவனக் காவலருக்கு மெய்ப்பை அணிவித்து, இடையை இறுகக் கட்டி, சவுக்கு ஒன்றைச் சுற்றி வைக்கலாம்; வாளும் கொடுக்கலாம். உடையின் நிறத்தை முல்லைப்பாட்டு சொல்லவில்லை. எகிப்திய ஓவியங்களை ஒட்டி வெள்ளை தீட்டினால் தவறில்லை. அவர் காலடியில் உடைந்த சாடி ஒன்றை வைத்தால், வடக்குப்பட்டு மண் தந்த சான்றும் அந்தச் சிற்றுருவத்தில் இடம்பெற்றுவிடும்.