ஒத்திகை இல்லாத ராத்திரி

1749-ம் வருடம், ஏப்ரல் 21. லண்டன் பாலத்தில் ஒரே களேபரம்! நூற்றுக்கணக்கான குதிரை வண்டிகள் முன்னாலும் நகர முடியாமல், பின்னாலும் திரும்ப முடியாமல் மூன்று மணி நேரம் சிக்கிக்கொண்டன. நகரத்தில் தேம்ஸ் நதியைக் கடக்க அப்போது இருந்தது அந்த ஒரே பாலம்தான். என்ன விஷயம்... போரா, கலவரமா? இரண்டும் இல்லை. மொத்த ஜனமும் பாட்டுக் கேட்கப் போய்க்கொண்டிருந்தது!

நதியின் தென்கரையில் 'வாக்ஸ்ஹால்' என்றொரு கேளிக்கைத் தோட்டம் இருந்தது. மரங்களில் வரிசையாக விளக்குகள், தின்பண்டக் கடைகள், நடுவில் இசைக்குழுவுக்கு மேடை. ஹாண்டெல் என்ற இசைமேதை, அரசரின் வாணவேடிக்கைக்காக எழுதிய இசையை அன்றைக்கு அங்கே வாசித்தார்கள். அது கச்சேரிகூட இல்லை... வெறும் ஒத்திகை! அதற்கே டிக்கெட் இரண்டரை ஷில்லிங். 12,000 பேர் வந்தார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். பத்திரிகைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா?!

இன்றைக்கு நாம் குழந்தைகளை அழைத்துப்போகும் தீம் பார்க்குகளுக்கு இந்தத் தோட்டங்கள்தான் கொள்ளுப் பாட்டி. 1843-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 'டிவோலி' பூங்கா திறந்தபோது, ராட்டினங்களோடு ஓர் இசைக்குழுவும் இருந்தது. 1955-ல் வால்ட் டிஸ்னி அமெரிக்காவில் 'டிஸ்னிலேண்ட்' திறந்தபோது, அங்கே 'கோல்டன் ஹார்ஸ்ஷூ' என்ற அரங்கில் பாட்டு, நடனம், காமெடி கலந்த ஒரு நிகழ்ச்சி ஆரம்பமானது. ஒரு நாளைக்குப் பல காட்சிகள். 1986 வரை 31 வருடம் ஓடியது. அதில் காமெடியனாக நடித்த வாலி போக் என்பவர் கிட்டத்தட்ட 40,000 தடவை மேடை ஏறியிருக்கிறார். பெரும்பாலும் அதே கோமாளித்தனம், அதே பாட்டு!

'போரடிக்காதா?' என்று கேட்பீர்கள். அவருக்கு எப்படியோ, பார்க்கிறவர்களுக்கு அடிக்காது. ஏனென்றால், ஒவ்வொரு காட்சிக்கும் ஆட்கள் புதுசு. பூங்காவின் கணக்கே அதுதான். காலை 11 மணிக்காரர் பார்த்ததை மாலை 4 மணிக்காரரும் அச்சுப் பிசகாமல் பார்க்க வேண்டும். டிக்கெட் விலை ஒன்றுதானே? அதனால்தான் இன்றைய பூங்காக்களில் இசை பெரும்பாலும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கிறது. பாட்டு எந்த விநாடியில் உச்சத்துக்குப் போகிறதோ, அதே விநாடியில் நீரூற்று எழும்பும். ஆடுபவர் அரை விநாடி பிந்தினாலும் அவர் மேல்தான் தண்ணீர்! சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. பூங்காவின் பிரபலமான கலைஞர் யார்? சிலை மனிதர்! சிரிக்காமல், அசையாமல் நிற்பதுதான் அவருடைய வித்தை.

'சரிய்யா, இதில் புதுக்கோட்டை எங்கே வந்தது?' என்கிறீர்களா... வந்தாச்சு. பங்குனி, சித்திரை மாதங்களில் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஏதாவது ஒரு கிராமத்துக்குள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நுழைந்து பாருங்கள். மாரியம்மன் கோயில் திருவிழா. ராட்டினம், பலூன் கடை, வளையல் கடை, சீரியல் பல்பு தோரணம்... வாக்ஸ்ஹாலில் இருந்த எல்லாமே இருக்கும். நடுவில் மேடை. ஆனால் டிக்கெட் கிடையாது. சாக்கையோ பாயையோ விரித்து உட்கார்ந்தால் அதுதான் உங்கள் ரிசர்வ்டு சீட்! பத்து மணி வாக்கில் ஆர்மோனியம் முனகும். 'ஸ்பெஷல் நாடகம்' ஆரம்பம். முடியும்போது விடிந்திருக்கும்.

அது என்ன 'ஸ்பெஷல்'? இங்கேதான் சுவாரஸ்யமே!

அந்தக் காலத்தில் நாடகம் என்றால் 'கம்பெனி நாடகம்'. ஒரு முதலாளி, அவரிடம் சம்பளத்துக்கு நடிகர்கள். ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தூங்கி, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து நடிப்பார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் முதலாளியும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக, 'ஸ்பெஷலாக' அமர்த்துவார்கள். ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து. பபூன் காரைக்குடி, ஆர்மோனியக்காரர் புதுக்கோட்டை. அவரவர் பஸ் பிடித்து வந்து சேர்ந்து, மேடைக்குப் பின்னால் முகத்துக்குப் பவுடர் போடும்போதுதான் 'நல்லா இருக்கீங்களாண்ணே?' என்று விசாரித்துக்கொள்வார்கள். சில சமயம் முதல் சந்திப்பே மேடையில்தான். ஒத்திகை? அப்படி ஒரு வார்த்தையே அங்கே கிடையாது!

இது எப்படி சாத்தியம்? அதற்குக் காரணம் ஒரு துறவி. தூத்துக்குடிக்காரரான சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவர் எழுதிக்கொடுத்த நாடகங்களும் பாடல்களும் எல்லா நடிகர்களுக்கும் பொதுவான பாடப் புத்தகம் ஆகிவிட்டன. எந்த ஊர் வள்ளியாக இருந்தாலும், எந்த ஊர் நாரதராக இருந்தாலும் படித்த பாடம் ஒன்று. அதனால் எங்கே சேர்ந்தாலும் நாடகம் நடக்கும்.

ஆனால், பாடம் தெரிந்தால் மட்டும் போதாது. 'வள்ளி திருமண'த்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும். கேள்வி எங்கே ஆரம்பிக்கும், எங்கே போய் முட்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. நாரதர் ஒரு பாட்டை எடுத்துவிட்டால், வள்ளி அதற்கு ஈடான பாட்டில் பதில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் மூவாயிரம் பேர் முன்னால் அவமானம்! இருவருடைய சுருதியும் வேறு வேறாக இருக்கும். ஆர்மோனியக்காரர் கண்ணைப் பார்த்தே புரிந்துகொண்டு கட்டையை மாற்றுவார். மிருதங்கக்காரர் தாளத்தை இழுத்துப் பிடிப்பார். பக்கத்தில் 'ஆல்ரவுண்டு' என்று ஒருவர். பபூன் தடுக்கி விழுந்தால் 'டமால்', வில் அம்பு பாய்ந்தால் 'டிங்'... இதெல்லாம் இவர் பொறுப்பு. எந்த நடிகர் எப்போது விழுவார் என்று இவருக்கும் முன்கூட்டித் தெரியாது!

இப்போது தீம் பார்க் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பூங்காவில் ஜனங்கள் புதுசு, நிகழ்ச்சி பழசு. இங்கே நேர் தலைகீழ். உட்கார்ந்திருப்பவர்கள் அதே ஊர் ஜனம்; வருஷா வருஷம் அதே வள்ளி, அதே முருகன். முருகன் கிழவன் வேஷம் போட்டு வருவான் என்று மடியில் தூங்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்புறம் எதற்காக விடிய விடிய விழித்திருக்கிறார்கள்? இந்த வள்ளி இந்த நாரதரை எப்படி மடக்கப்போகிறாள் என்று பார்க்கத்தான். அது அன்றைக்கு ராத்திரி மட்டும்தான் நடக்கும். மறுநாள் வேறு ஊர், வேறு நாரதர், வேறு தர்க்கம்.

இந்த மண்ணின் மைந்தர் ஒருவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பி.யு.சின்னப்பா. 1916-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பாவும் நாடக நடிகர். பிள்ளைப் பிராயத்திலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, பிறகு சினிமாவுக்குப் போய் சூப்பர் ஸ்டார் ஆனார். சம்பாதித்ததையெல்லாம் புதுக்கோட்டையில் வீடாக வாங்கித் தள்ள, 'இனிமேல் இவர் வீடே வாங்கக் கூடாது' என்று மகாராஜா தடை போட்டார் என்றொரு கதை ஊரில் உண்டு! 1944-ல் வந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் ஒரு கச்சேரிக் காட்சி. பாடுபவர் சின்னப்பா. பக்கவாத்தியக்காரர்களைப் பார்த்தால் அத்தனை பேரும் சின்னப்பா! ஒரே திரையில் ஐந்து சின்னப்பா. தியேட்டரில் ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஒருவரை ஐந்து பேராகக் காட்டுவது கேமரா தந்திரம். முன்பின் ஒத்திகை பார்க்காத ஐந்து பேர் மேடையில் ஒருவராக மாறுவதற்குத் தந்திரம் எதுவும் கிடையாது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதுதான் கஷ்டம்!

இந்த மாவட்டத்திலேயே இசையை 'ரிக்கார்டிங்' செய்த இடமும் ஒன்று இருக்கிறது தெரியுமோ? குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் ஏழு ராகங்களின் சுரங்களை, எழுத்து எழுத்தாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வயது சுமார் 1,300 வருடம்! மகேந்திர பல்லவர் வெட்டியது என்று முன்பு சொன்னார்கள்; இன்று ஆய்வாளர்கள் அதை ஒப்புவதில்லை. ஆனால் ஒன்று... சுரங்கள் அத்தனையும் இன்றைக்கும் பாறையில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை அன்றைக்கு எப்படிப் பாடினார்கள், எங்கே இழைத்தார்கள், எங்கே நிறுத்தினார்கள்? அது மட்டும் பாறையில் இல்லை. பாடியவர்களோடு போய்விட்டது.

ஸ்பெஷல் நாடகத்துக்கும் அந்த நிலைமை வந்துவிடுமோ என்பதுதான் இப்போதைய கவலை. சுவாமிகளின் நாடகங்கள் புத்தகங்களாக இருக்கின்றன. அவை எங்கேயும் போகாது. அந்தத் தர்க்கம், அந்தக் கண் ஜாடை, சுருதியை மாற்றும் அந்த லாகவம்... இவை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

முதல் அடி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2000-ம் ஆண்டில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டுவந்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக மாநில அரசு தளர்த்தலாம்... அதுவும் நள்ளிரவு 12 வரைதான், வருடத்துக்கு 15 நாட்களுக்கு மேல் கூடாது. நியாயமான விதிதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும், படுக்கையில் இருக்கும் நோயாளியும் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் நாடகம் ஆரம்பிக்கும் நேரமே பத்து மணி! சட்டம் முடி என்று சொல்லும் நேரத்தில்தான் பபூன் மேடைக்கு வருகிறார். ஒவ்வொரு ஊரும் போலீஸ் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து எஸ்.ஜி.கிட்டப்பாவுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரை கேட்கும் சாரீரம் அவருக்கு!

அடுத்தது, 2020. மார்ச் 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. தமிழ்க் கணக்கில் அது பங்குனி மாதம். நாடகக்காரர்களுக்குப் பங்குனியிலிருந்து சில மாதங்கள்தான் சீஸன். வருஷம் முழுக்கச் சாப்பிடுவதற்கு அந்த ராத்திரிகளில்தான் சம்பாதிக்க வேண்டும். திருவிழாக்கள் நின்றன. அடுத்த வருடம் மறுபடியும் அதே கதை. மாதச் சம்பளம், விடுப்பு, பி.எஃப். எதுவும் இல்லாத தொழில். கம்பெனி கிடையாது என்பதுதான் இந்தக் கலையின் சுதந்திரம். பசி வந்தபோது ஏனென்று கேட்க ஒரு முதலாளியும் கிடையாது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி என்று ஊர் ஊராக நாடக நடிகர் சங்கங்கள் இருப்பது இதற்காகத்தான்.

பெண்களின் பாடு இன்னும் சிரமம். மேடையில் வள்ளிக்கு ரூபாய் நோட்டை அன்பளிப்பாகக் குத்துகிற அதே ஊர், கீழே இறங்கினால் 'கூத்தாடி' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதையெல்லாம் தாண்டித்தான் அந்தப் பெண்கள் ராத்திரி பஸ்ஸில் அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தீம் பார்க்கைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. லீவு நாளில் குழந்தைகள் தண்ணீரில் குதித்து, மேடையில் கரடி வேஷம் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டட்டும். அது ஒரு சந்தோஷம். ஆனால், அங்கே நீங்கள் கைதட்டாவிட்டாலும் நிகழ்ச்சி அப்படியேதான் நடக்கும். இங்கே அப்படி இல்லை. நீங்கள் சிரித்தால் பபூன் இன்னும் கால்மணி நேரம் நிற்பார். நீங்கள் கொட்டாவி விட்டால் நாரதர் பாட்டை மாற்றுவார். நாடகத்தில் உங்களுக்கும் ஒரு பார்ட் உண்டு!

சித்திரை மாதத்தில் புதுக்கோட்டைப் பக்கம் போனால், சுவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். நடிகர், நடிகைகளின் மார்பளவுப் போட்டோக்கள் வரிசையாகப் போட்ட நாடக நோட்டீஸ் கண்ணில் படும். ஊர், தேதி, நாடகத்தின் பெயர் எல்லாம் அதிலேயே இருக்கும். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். விடிகாலையில் மங்களம் பாடி முடித்ததும், வேஷத்தைக் கலைத்துவிட்டு, பேசிய தொகையை வாங்கிக்கொண்டு, முதல் பஸ்ஸுக்கு நிற்பார்கள். நீங்களும் அந்த பஸ்ஸுக்குத்தான் நிற்கவேண்டியிருக்கும். 'அந்தத் தர்க்கம் பிரமாதம்மா' என்று வள்ளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள்.