ஏ-போட்டிகளும் மண்ணெண்ணெய்க் காலமும்

கடந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்காக ஊர் சென்றிருந்தபோது நான்கு நாட்களுக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்திருந்தேன். யப்பானில் சில காலம் ஓடி, பின்னர் இலங்கைக்கு இறக்குமதியான பெற்றோலும் மின்சாரமும் கலந்த வண்டி அது. ஒவ்வொரு காலையும் அதனை இயக்கியவுடன் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் மிகுந்த பணிவுடன் ஏதோ அறிவிக்கும். அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் கட்டணம் செலுத்துவதற்கான அட்டை செருகப்படவில்லை என்பதே அந்த அறிவிப்பின் பொருள் என்று மொழி தெரிந்த நண்பர் ஒருவர் பின்னர் விளக்கினார். சண்டிலிப்பாய் ஒழுங்கையில் நின்றுகொண்டு அந்த அட்டைக்கு நான் எங்கே போவது?

குறைகள் அத்துடன் முடியவில்லை. திரையில் இருந்த எழுத்துகள் அனைத்தும் யப்பானியம். பக்கத்து இருக்கையில் மாம்பழப் பையை வைத்தால், அதற்கும் ஆசனப்பட்டி கட்டுமாறு வண்டி கூச்சலிட்டது. மாற்றுச் சில்லு கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு போத்தல் பசையும் காற்றடிக்கும் சிறு கருவியும் இருந்தன. வண்டியின் வயிறோ ஒழுங்கையின் நடுமேட்டில் ஒவ்வொரு முறையும் உரசியது.

இந்த முறைப்பாடுகளையெல்லாம் எங்கள் அயலில் வசிக்கும் ஒரு முதியவரிடம் சொல்லிக் குறைப்பட்டேன். அவர் எண்பது வயதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகளாக ஹயர் கார் ஓட்டியவர். ஊரில் அவரது சொந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. 'ஏ-போட்டி அண்ணை' என்றால்தான் தெரியும். அவர் சிரித்தார்.

"தம்பி, பிழை இல்லாத கார் ஒண்டையும் இன்னும் ஒருத்தரும் செய்யேல்லை. பிழையோட ஓடத் தெரியவேணும்."

அந்த ஒரு வாக்கியந்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. யாழ்ப்பாணத்தின் பழைய வாடகைக் கார்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவற்றின் அழகைப் பற்றியே எழுதுகிறார்கள். அவற்றின் குறைகளைப் பற்றியும் எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. வெளிநாடுகளுக்குக் கார்களை ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே உருக்கு ஒதுக்கீட்டில் முன்னுரிமை கிடைத்தது. அந்தச் சூழலில் பேர்மிங்காமின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையிலிருந்து ஒஸ்ரின் ஏ-40 'டெவன்' 1947இல் வெளிவந்தது. அதன் இயந்திரம் 1200 சிசி. அதனைத் தொடர்ந்து 1952இல் 'சோமசெட்' வந்தது. 1954இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. பின்னர் 'கேம்பிறிட்ஜ்' வரிசையில் ஏ-55, ஏ-60 என்பன வந்தன. மறுபுறத்தில் 1948இல் மொறிஸ் மைனர் அறிமுகமானது. குடியேற்ற நாடுகளும் புதிதாகச் சுதந்திரமடைந்த நாடுகளும் இவற்றுக்குச் சந்தையாயின. இலங்கைக்கும் வந்தன, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் வந்தன.

இவை குறைகளற்ற வண்டிகள் அல்ல. மொறிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுங்கலாக இருக்கிறது என்று உற்பத்திக்குச் சற்று முன்னர் அதனை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நடுவில் நான்கு அங்குலம் சேர்த்து அகலமாக்கினார். அதன் முன்மூடியின் நடுவில் தட்டையாக ஓடும் பட்டி அந்தச் சேர்க்கையின் தழும்புதான். ஆனால் பெரிய குறை வெளியே தெரியாது. முன்சில்லைத் தாங்கும் கீழ்முட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் பூசாவிட்டால் அது தேய்ந்து கழன்றுவிடும். அப்போது சில்லு வெளிப்புறமாக மடிந்து, வண்டி ஒரு பக்கம் முழந்தாளிட்டு விழும். பிறேக்கின் பிரதான சிலிண்டரோ சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருந்தது. அதற்கு எண்ணெய் விடுவதென்றாலும் விரிப்பைக் கிளப்பவேண்டும்.

அந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களில் திரும்பும் திசையைக் காட்ட, கதவுகளுக்கு இடையிலுள்ள தூணிலிருந்து ஒரு சிறு கை எழும்பும். மைனரில் 1961 வரை அதுதான் இருந்தது. அந்தக் கை எழும்பினால் மடங்காது, மடங்கினால் எழும்பாது. சாரதிமார் தூணில் உள்ளங்கையால் ஓர் அடி கொடுப்பார்கள். ஏ-40இல் முன்னே மூவர் அமரவேண்டும் என்பதற்காகக் கியர்த் தடியை ஸ்ரேறிங் தண்டுக்கு மாற்றினார்கள். தடிக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையிலுள்ள இணைப்புகள் ஆண்டுகள் செல்லத் தேய்ந்தன. இரண்டு கியர்களுக்கு நடுவே தடி இறுகிக்கொண்டால் இறங்கி முன்மூடியைத் திறந்து கையால் விடுவிக்கவேண்டும். இங்கிலாந்தின் குளிருக்கென்று செய்த வண்டிக்கு எங்கள் வெயில் ஒரு சோதனை. சுண்ணாம்புக் கல்லில் ஊறிய எங்கள் கிணற்றுத் தண்ணீர் மற்றொரு சோதனை. கேத்தில்களின் அடியில் படியும் அதே வெண்படிவு றேடியேற்றர்களிலும் படிந்தது.

குறைகள் இத்தனை இருந்தும் அவை ஏன் நிலைத்தன? காரணம் காதலல்ல, கட்டுப்பாடு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இருப்பதைக்கொண்டே சமாளிக்கவேண்டியிருந்தது. கடைசல் பட்டறைகளில் உதிரிப்பாகங்கள் கடையப்பட்டன. ஒரு வண்டியின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருத்தப்பட்டது. குறைகளைத் திருத்தியது தொழிற்சாலையல்ல, எங்கள் கராஜ்கள். 1977க்குப் பிறகு யப்பானியக் கார்கள் வந்தன. 'இனி ஆர் ஏ-போட்டியில ஏறுவினம்?' என்று பேசத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு நீடித்திருக்கும், 1990 வராமல் இருந்திருந்தால்.

1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டது. குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், பற்றறி, சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றது. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் கிடைத்த மண்ணெண்ணெயே விளக்குக்கும் அடுப்புக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் வாகனத்துக்கும் என்றாயிற்று. அப்போதுதான் ஒரு வியப்பான உண்மை வெளிப்பட்டது. புதிய யப்பானியக் கார்கள் முற்றங்களில் தென்னோலையால் மூடப்பட்டு உறங்க, பழைய ஏ-40களும் மைனர்களும் கேம்பிறிட்ஜ்களும் வெண்புகை கக்கியபடி வீதிக்கு வந்தன.

இதற்கான காரணத்தைப் பின்னாளில் வாசித்து அறிந்தேன். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் 1953இன் தொடக்கம்வரை தரம் குறைந்த ஒரேவகைப் பொதுப் பெற்றோலே விற்கப்பட்டது. அதைக்கொண்டு ஓடவேண்டும் என்பதற்காகவே அக்கால இயந்திரங்களின் அமுக்க விகிதத்தைத் தாழ்வாக, ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற அளவில் வைத்திருந்தார்கள். வேகமின்மைக்கும் சோம்பலுக்கும் அதுவே காரணம்; வண்டிகளின் பெருங்குறை என்று பேசப்பட்டதும் அதுதான். மண்ணெண்ணெயோ பெற்றோலைவிட மிக எளிதில் 'நொக்' அடிக்கும் எரிபொருள். அமுக்கம் கூடிய இயந்திரம் அதனைத் தாங்காது. அமுக்கம் குறைந்த கிழட்டு இயந்திரம் முக்கி முனகித் தாங்கிக்கொண்டது. லண்டனில் ஒரு பற்றாக்குறைக்காகச் செய்யப்பட்ட சமரசம், நாற்பது ஆண்டுகளின் பின்னர் யாழ்ப்பாணத்தில் இன்னொரு பற்றாக்குறைக்குக் கைகொடுத்தது.

ஆயினும் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. முதலில் சிறிதளவு பெற்றோலில் இயக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். முன்மூடிக்குள் தாராளமான இடம் இருந்ததால் அங்கே ஒரு சேலைன் போத்தலைக் கட்டி, அதன் குழாய்வழியே காபரேற்றருக்குப் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நோயாளியின் நரம்பில் மருந்து ஏறுவதுபோல வண்டிக்குப் பெற்றோல் ஏறும். பற்றறி நலிந்துபோனதால் முன்னே கைப்பிடியைச் செருகிச் சுற்றியே இயக்கவேண்டும். பழங்காலச் சின்னம் என்று எள்ளப்பட்ட அந்தக் கைப்பிடி இல்லாத கார்களைத் தள்ளுவதற்கு நாலுபேர் வேண்டும்.

1992ஆம் ஆண்டின் மாரிகாலம் அது. நான் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். ஒரு நள்ளிரவில் அக்காவுக்குப் பிரசவவலி கண்டது. மழையில் ஓடிப்போய் ஏ-போட்டி அண்ணையின் படலையைத் தட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, சாமியறைத் தட்டிலிருந்து ஒரு சிறிய மருந்துப் போத்தலை எடுத்து வந்தார். அதில் முக்கால்வாசி பெற்றோல் இருந்தது.

"ரெண்டு தரம் ஸ்ராட் பண்ணத்தான் காணும். வழியில நிண்டா ஒருதரம் எழுப்பலாம். மற்றத்தரம் கடவுள்தான்" என்றார்.

நான் கைப்பிடியைச் சுற்றினேன். எட்டாவது சுற்றோ ஒன்பதாவது சுற்றோ, இயந்திரம் எழுந்தது. ஹெலிக்குப் பயந்து முன்விளக்கின் மேற்பாதியைக் கறுப்புத் தாளால் மறைத்திருந்தார். மானிப்பாய் தாண்டியதும் வீதியில் வெள்ளம். வேகத்தைக் குறைத்தபோது சூடு தணிந்து இயந்திரம் நின்றுவிட்டது. அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தேவாரம் சொல்லத் தொடங்கினார். போத்தலில் எஞ்சியதை ஒரு சொட்டும் விடாமல் ஊற்றினார் அண்ணை. அதற்குப் பிறகு ஆனைக்கோட்டையிலும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை, வண்ணார்பண்ணையிலும் குறைக்கவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பு வலயத்தில் இயங்கிய யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பின்னர்தான் அவருடைய கால் பிறேக்கை மிதித்தது. விடியும் முன்னர் பெண்குழந்தை பிறந்தது. அவள் இன்று முப்பது வயதைக் கடந்து, ரொறன்ரோவில் மின்சாரக் கார் ஓட்டுகிறாள்.

இதனை ஒரு வீரக்கதையாக வாசித்துவிடவேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆண்டுகளில் எல்லாப் படலைகளுக்கும் கார் நேரத்துக்கு வரவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே, சைக்கிள் கரியரில் கொண்டுசெல்லப்பட்டு வழியிலே மூச்சடங்கிய ஒருவர் இருந்தார். மண்ணெண்ணெய்ப் புகை கண்ணையும் நெஞ்சையும் எரித்தது. எரியாத மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்ய, இயந்திரங்கள் உள்ளே அரிபட்டன. எங்கள் மெக்கானிக்குகளின் கெட்டித்தனத்தைப் பாராட்டும் அதே வேளையில், அந்தக் கெட்டித்தனத்தைக் கட்டாயமாக்கிய தடையை நாம் மறந்துவிடக்கூடாது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தார்கள். சைக்கிளில் வந்தவர்களாலும் ஓட்ட முடியவில்லை, உருட்டிக்கொண்டே நடந்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்துக்குக் கூடாத ஒன்று உண்டென்றால் அது ஊர்தல்தான். அண்ணையின் கார் பாலத்துக்கு முன்னரே நின்றுவிட்டது. போத்தலில் பெற்றோல் இல்லை. உள்ளே அவரது வயது முதிர்ந்த தாயாரும், வழியில் ஏற்றிக்கொண்ட நடக்கமுடியாத இருவரும். இரவு முழுவதும் அவரும் பிள்ளைகளும் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டே கைதடிவரை சென்றார்கள். "அண்டைக்கு அது கார் இல்லைத் தம்பி, நாலு சில்லு வைச்ச கட்டில்" என்று இப்போது சொல்கிறார்.

2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ-9 வீதி திறந்தபோது பெற்றோல் வந்தது, புதிய வாகனங்களும் வந்தன. பழைய கார்கள் மேலும் சில ஆண்டுகள் வாடகைக்கு ஓடின. பின்னர் ஒவ்வொன்றாக மறைந்தன. அண்ணையின் காரைத் தெற்கிலிருந்து வந்த ஒருவர் வாங்கிச் சென்றார். இப்போது அது கல்யாண வீடுகளுக்குப் பூச்சோடித்துப் போகிறதாம்.

2022இல் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமல் வரிசையில் நின்றபோது இவற்றையெல்லாம் நினைத்துக்கொண்டேன். அந்த ஆண்டு கொழும்பும் காத்திருக்க நேர்ந்தது. ஆனால் இம்முறை சேலைன் போத்தல் எதையும் காப்பாற்றியிராது. இன்றைய கார்களில் காபரேற்றர் இல்லை. கணினி அளந்து எரிபொருளைப் பீச்சுகிறது. அமுக்க விகிதம் பத்தைத் தாண்டிவிட்டது. சாவியில் இருக்கும் சிறு பற்றறி செத்துப்போனால், கதவைத் திறப்பதற்கே கையேட்டைப் புரட்டவேண்டும். பாதுகாப்பில் அவை பழையவற்றைவிடப் பன்மடங்கு மேலானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் பிழைகள் சாரதியின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன.

ஊரிலிருந்து திரும்பும் நாளன்று ஏ-போட்டி அண்ணையை அந்த வாடகைக் காரில் நல்லூருக்கு அழைத்துச் சென்றேன். வண்டியை இயக்கியவுடன் அந்தப் பெண்குரல் வழக்கம்போல் யப்பானிய மொழியில் அறிவித்தது. அவர் கவனமாகக் கேட்டார்.

"என்னவாம்?"

"அட்டை போடேல்லையாம், அண்ணை."

"எங்கட காரும் சொல்லும், தம்பி. ஆனா அது என்ன சொல்லுதெண்டு எனக்கு விளங்கும்" என்றார். பிறகு பழக்கதோஷத்தில், திருப்பத்தில் கதவுத்தூணை உள்ளங்கையால் ஒருமுறை தட்டினார்.