ஏ.சி. ஃபில்டரின் எண் சொல்வது என்ன? பள்ளிவாசல் நிர்வாகிகளின் கவனத்திற்கு

பச்சைப் பூண்டு, வெங்காயம் சாப்பிட்ட வாடையுடன் பள்ளிவாசலுக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பக்கத்தில் நின்று தொழுபவர் சுவாசிக்கும் காற்றுக்கும் மார்க்கம் மதிப்புக் கொடுக்கிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்கிறோம். ஜன்னல்களை அடைத்து ஏ.சி. போட்ட தொழுகைக் கூடங்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை.

குழாய் வழியே குளிர்காற்று தரும் பெரிய ஏ.சி.களுக்கு ஃபில்டர் வாங்கும்போது 'மெர்வ் 8', 'மெர்வ் 13' என்ற எண்களைப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் வகுத்த அளவீடு இது. 1 முதல் 16 வரை உண்டு. எண் கூடக் கூட மேலும் நுண்ணிய தூசி பிடிபடும்.

மெர்வ் 8 என்றால், 3 முதல் 10 மைக்ரான் வரையிலான தூசியில் குறைந்தது 70 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். விரிப்புத் தூசி, மகரந்தம் போன்றவற்றுக்கு இது உதவும். ஆனால் 1 மைக்ரானுக்கும் குறைந்த துகள்களுக்கு இதில் நிபந்தனையே இல்லை. புகை பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கிறது. மெர்வ் 13 அவற்றிலும் பாதியையாவது பிடிக்க வேண்டும். 1 முதல் 3 மைக்ரான் வரையில் 85 சதவீதம், அதற்கு மேல் 90 சதவீதம். கொரோனா காலத்தில் ஆஷ்ரே 13ஐப் பரிந்துரைத்தது இதனால்தான். சில ஃபில்டர்களில் 'இபிஎம்1 60%' என்று இருக்கும். அது ஐஎஸ்ஓ 16890 என்ற வேறு தர அளவீடு. 1 மைக்ரான் வரையிலான துகள்களில் 60 சதவீதம் பிடிபடும் என்று பொருள்.

அப்படியானால் 16ஐயே வாங்கிவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். அடர்த்தியான ஃபில்டர் வழியே காற்றைத் தள்ள அந்த ஏ.சி.யின் ஃபேனுக்குச் சக்தி வேண்டும். இல்லாவிட்டால் காற்று குறையும், குளிர்ச்சியும் குறையும். வக்ஃப் பணம்தான் வீண். எந்த எண் வரை தாங்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டே வாங்க வேண்டும். சட்டத்தைச் சுற்றி இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியே போய்விடும், எண் எதுவானாலும்.

சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி.யில் பொதுவாக இருப்பது வெறும் வலை. அது பெரிய தூசியை மட்டுமே தடுக்கும். பெரும்பாலான ஸ்பிளிட் ஏ.சி.கள் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதும் இல்லை. ஜும்ஆ கூட்டத்தில் மூச்சு முட்டுவதற்கு ஃபில்டரை மாற்றிப் பயனில்லை. நாம் வெளிவிடும் கரியமில வாயுவை மெர்வ் 16ம் பிடிக்காது. எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விட்டு, எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்றிரண்டைக் குத்பா முடியும் வரையாவது திறந்து வைக்க வேண்டும்.