'உரிமையாளர்' யார்? தொழிற்சாலைச் சட்டத்தின் 85-ஆம் பிரிவும் சிவகாசியின் உள்குத்தகையும்

பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு நான்கு பேர் என்பது விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும் கணக்கு. நான்கு அறைகளை லீசுக்கு எடுத்தவரிடம், விதிப்படி நடந்தால், 16 பேர் வேலை செய்வார்கள். 2025 நவம்பர் வரை, மின்விசை இல்லாத இடத்தில் 20 பேர் இருந்தால்தான் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் உள்ளே வந்தது. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்கும் எல்லை அதே 20ஆகத்தான் இருந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அறைகளை இப்படிப் பிரித்து விடும் உள்குத்தகையைச் சட்டம் தெரியாததால் வந்த பழக்கம் என்று சொல்வது கடினம்.

ஆனால் இதுவரையான ஆய்வுகளில் ஒரு சாரார் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். மாறும் சட்டங்களுக்கு ஈடுகொடுக்க முடியாத சிறு முதலாளிகள், விழிப்புணர்வுக் குறைவு, ஆய்வாளர் பற்றாக்குறை என்று அவர்களின் விளக்கம் போகிறது. சான்றுகள் அதற்கு எதிராக இருக்கின்றன. குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல், உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து விலகிய பொட்டலம் கட்டும் வேலையில் சிறுவர்களை அனுமதித்தது. 1996 டிசம்பரில் அதே வழக்கில், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், வெடிபொருள் வேலையில் 18 வயது நிரம்பாதவர்களை அடியோடு விலக்கியது. பட்டாசு ஆலைகளில் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததை இத்தொழிலைக் கடுமையாக விமர்சிப்பவர்களும் மறுப்பதில்லை. சட்டம் எங்கே மாறுகிறது என்பதை இந்த முதலாளிகள் கூர்ந்து பார்த்தே வந்திருக்கிறார்கள். எனவே ஆராய வேண்டியது அவர்களுடைய அறிவை அல்ல. சட்டம் யாரை முதலாளி என்று அழைக்கிறது என்பதையே.

சர்ச்சைக்குரிய வாசகம் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், வேலை செய்பவர்கள் உரிமையாளரிடம் நேரடியாக வேலைக்கு அமராமல் அவருடைய அனுமதியின் பேரிலோ அவரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படியோ வேலை செய்தாலும், அந்த இடத்துக்குச் சட்டம் பொருந்தும் என்று மாநில அரசு அறிவிக்கலாம். அறிவித்த பிறகு அந்த இடம் தொழிற்சாலையாகவும், உரிமையாளர் அதன் பொறுப்பாளராகவும், அங்கே வேலை செய்யும் எவரும் தொழிலாளராகவும் கருதப்படுவார்கள். உரிமையாளர் தன் குடும்பத்தாரை மட்டும் வைத்து நடத்தும் வேலைக்கு விலக்கு உண்டு.

இதுவரை சிக்கல் இல்லை. பிரிவின் கடைசியில் உள்ள விளக்கம்தான் முடிச்சு. 'உரிமையாளர்' என்பதில், இடத்தைத் தன் வசம் வைத்திருக்கும் குத்தகைதாரரும் அடமானம் பெற்றவரும் அடங்குவர் என்கிறது அது. ஒரு வாசிப்பு இதைக் கொண்டு, அறையை லீசுக்கு எடுத்தவரே உரிமையாளர், உரிமம் வைத்திருப்பவர் விலகிவிடுகிறார் என்று முடிக்கிறது. அப்படிப் படித்தால், பொறுப்பு முழுவதும் நான்கு அறைக்காரர் தலையில் விழுகிறது. ஆலையின் பெயர்ப்பலகையில் உள்ளவர் வாடகை வாங்குபவர் மட்டும் ஆகிறார்.

'அடங்குவர்' என்ற சொல் அந்தச் சுமையைத் தாங்காது. அது வட்டத்தை விரிக்கும் சொல். ஒருவரைச் சேர்ப்பதால் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வெளியேறிவிடுவதில்லை. இடத்தைத் 'தன் வசம்' வைத்திருத்தல் என்ற நிபந்தனையும் பட்டாசு ஆலையில் எளிதில் நிறைவேறுவதல்ல. வெடிபொருள் உரிமம் ஒருவர் பெயரில் இருக்கிறது. மத்திய வெடிபொருள் துறை தரும் நாக்பூர் லைசென்ஸ் ஆனாலும், மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் ஆனாலும், அதை வாங்கியவர் அறைகளை மற்றவருக்குக் குத்தகைக்கு விட விதிகள் இடம்கொடுப்பதில்லை. சட்டப்படி கைமாற்ற முடியாத கட்டுப்பாட்டைக் கைமாற்றிவிட்டதாகச் சொல்லி உரிமதாரர் தப்பிக்க முடியுமா? தன் தவறையே கேடயமாக்கிக்கொள்ள எந்தச் சட்டமும் ஒருவரை அனுமதிப்பதில்லை.

2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆலை குத்தகைக்கும், அதற்குள் உள்குத்தகைக்கும் விடப்பட்டிருந்தது வெளியே வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, நீதியரசர் கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு உரிமையாளர், குத்தகைதாரர், போர்மேன் என்று வரிசையாக வழக்குப் பதிவாவது வழக்கம். தொழிலாளர் இறந்த பிறகு அவருக்கு மூன்று முதலாளிகள் கிடைக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது பி.எஃப். கேட்டிருந்தால் அவர்களில் யாரைக் கேட்பது?

இங்கே நிதானம் தேவை. 85-ஆம் பிரிவு தானாக இயங்காது. மாநில அரசின் அறிவிக்கை வேண்டும். தவிர, தொழிற்சாலையின் வரையறையே ஆளை வைத்து அல்ல, இடத்தை வைத்து எண்ணுவதால், ஒரே சுற்றுச்சுவருக்குள் உள்ள எல்லா அறைகளையும் கூட்டினால் எண்ணிக்கை எல்லையைத் தாண்டிவிடும் என்று வாதிடலாம். சரியான வாதம்தான். எனினும் பதிவேடுகள் அறைவாரியாகப் பிரிந்துகிடக்கும்போது, அந்தக் கூட்டலை யார் செய்வது என்ற கேள்வி நிற்கிறது. குத்தகையை ஒழித்தால் சிறியவர்கள் பிழைப்பு போய்விடும் என்ற எதிர்ப்பு இந்த விவாதத்துக்கு வெளியே உள்ளது. பொறுப்பை வரையறுப்பதால் யாருடைய அறையும் மூடப்படுவதில்லை.

2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததால் இந்த வாசிப்புக்கு அவசரம் கூடியிருக்கிறது. மின்விசை இல்லாத தொழிற்சாலைக்கான எல்லை 20-லிருந்து 40 ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் எல்லை 50. அபாயகரமான தொழில்களுக்கு எண்ணிக்கை எல்லையைத் தளர்த்தும் வழி உண்டு. அதற்கும் அறிவிக்கை வேண்டும். அதிகம் பேசப்படாத மாற்றம் வேறொன்று. 1976-இல் திருத்தப்பட்ட பழைய சட்டத்தின் 'தொழிலாளர்' வரையறை, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரையும் முதன்மை முதலாளிக்குத் தெரிந்தோ தெரியாமலோ தொழிலாளராக ஏற்றது. நான்கு தொகுப்புகளில் ஒன்றான பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் புதிய வரையறையில் 'தெரிந்தோ தெரியாமலோ' இல்லை. எனக்குத் தெரியாது என்று உரிமதாரர் சொல்வதைத் தடுத்த சொற்கள் அவை. நேரடியாகவோ வேறொருவர் மூலமாகவோ ஆள் அமர்த்துபவரே முதலாளி என்ற புதிய வரையறை அந்த இடத்தை நிரப்பாது. உள்குத்தகைக்காரர் உரிமதாரருக்காக ஆள் எடுப்பதில்லை, தன் சரக்குக்காக எடுக்கிறார். பழைய 85-ஆம் பிரிவு மட்டும் ஏறத்தாழ அதே வடிவில் புதிய தொகுப்பில் தொடர்கிறது. எண்ணிக்கை எல்லை, தொழிலாளர் வரையறை, 85-ஆம் பிரிவு என்று முன்பு மூன்று வாசல் இருந்த வீட்டில் இப்போது அந்த ஒரு வாசலே மிச்சம்.

அதே தொகுப்பு ஒவ்வொரு பணியாளருக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. திரி செருகும் பெண்ணுக்கும் டப்பா ஒட்டும் பெண்ணுக்கும் அந்தத் தாள் கிடைக்கும் நாளில், அதன் அடியில் கையெழுத்துப் போடுபவர் உரிமதாரரா, நான்கு அறைக்காரரா என்பதை மாவட்ட வாரியாகத் திரட்டிப் பார்க்க முடியும். விருதுநகரில் அடுத்த ஆய்வு அங்கிருந்து தொடங்கலாம்.