அனைத்து அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை பேஸ்பால் லீக்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் தொடங்கி, 1943 முதல் 1954 வரை நடந்த மகளிர் பேஸ்பால் போட்டித் தொடர். இதில் 600-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆடினர். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இதன் வரலாறு, பெருமளவு அவர்களின் நினைவுகளைக் கொண்டே மீட்கப்பட்டது.

தோற்றம்: அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ள் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் பாப் ஃபெல்லர், டெட் வில்லியம்ஸ் முதலான முன்னணி ஆண் ஆட்டக்காரர்கள் படையில் சேர்ந்தனர். மைதானங்கள் வெறிச்சோடிவிடுமோ என்று அஞ்சிய சிகாகோ கப்ஸ் அணி உரிமையாளர் பிலிப் ரிக்லி, பெண்களுக்கான தொடரை நிறுவினார். ராசின், கெனோஷா, ராக்ஃபோர்டு, சவுத் பெண்ட் ஆகிய நான்கு நகரங்களின் அணிகள் முதல் ஆண்டில் மோதின. ராசின் பெல்ஸ் வாகை சூடியது.

ஆட்டமும் கட்டுப்பாடும்: ஆட்டம் தொடங்குமுன் இரு அணியினரும் வெற்றியைக் குறிக்கும் ‘வி’ வடிவில் அணிவகுத்து நின்றனர். வீராங்கனைகள் குட்டைப் பாவாடை அணிந்தே ஆட வேண்டும். உதட்டுச் சாயம் பூசியிருக்க வேண்டும். ஒவ்வொரு அணியுடனும் ஒரு பெண் காப்பாளர் பயணம் செய்வார். தொடக்கத்தில் பெரிய பந்தைக் கையைத் தாழ்த்தி எறிந்தனர். 1948-இல் கையை உயர்த்தி எறியும் முறை வந்தது.

வீராங்கனைகளின் நினைவுகள்: பலரும் தவறாமல் சொன்னது பாவாடையால் பட்ட பாடு. பேஸை நோக்கிச் சறுக்கும்போது மூடாத தொடை மண்ணில் உராய்ந்து தோல் உரியும். அந்தப் பாவாடையோடுதான் சோஃபி குரிஸ் 1946-ஆம் பருவத்தில் 201 பேஸ்களைத் திருடினார்; அதாவது, பந்து அடிக்கப்படாமலேயே ஓடி அடுத்த பேஸை எட்டினார். இரவெல்லாம் பேருந்துப் பயணம், கையில் சொந்தச் சம்பளம், வீட்டைவிட்டு வெளியே வந்த முதல் விடுதலை ஆகியவற்றையும் அவர்கள் மகிழ்வோடு நினைவுகூர்ந்தனர்.

மறதியும் மீட்பும்: தொடர் நின்றபின் பலர் தாம் ஆடியதைப் பிள்ளைகளிடம்கூடப் பேசவில்லை. 1980-களில் பழைய தோழியர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். 1988-இல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகம் ‘பேஸ்பாலில் பெண்கள்’ என்ற காட்சியைத் திறந்தது. 1992-இல் பென்னி மார்ஷல் இயக்கிய ‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ திரைப்படம் இவர்களை உலகறியச் செய்தது.

மதிப்பீடு: இத்தொடரின் கதவு கறுப்பினப் பெண்களுக்குக் கடைசிவரை திறக்கவில்லை. 1947-இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் ஆண்கள் பேஸ்பாலின் நிறத் தடையை உடைத்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. கறுப்பின வீராங்கனை டோனி ஸ்டோன் 1953-இல் கறுப்பின ஆண்களின் லீக்கில்தான் ஆட நேர்ந்தது. வாய்ப்புப் பெற்றவர்களின் சாதனையோடு, மறுக்கப்பட்டவர்களின் இழப்பும் சேர்ந்ததே இத்தொடரின் வரலாறு.