அருகில் அமர்ந்தவர்கள்

மாலை வேளையில் திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையோரம் சற்று நேரம் நின்று பார்ப்போமானால், ஆலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதைக் காண்போம். சன்னலோரம் தெரியும் முகங்கள் யாவும் இளமுகங்கள். 1017-ஆம் ஆண்டு இராமானுசர் பிறந்த ஊர் என்றும், ஏரிப்பாசன ஊர் என்றும் நெடுங்காலம் அறியப்பட்ட இவ்வூரின் சுற்றுவட்டாரம், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து வேறு உலகமாயிற்று. 2006-இல் நோக்கியா வந்து 2014-இல் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை எழுந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது.

பதினெட்டாயிரம் இளம்பெண்கள் தங்க இடமுண்டு என்றால், அவர்கள் விட்டுவந்த வீடுகளும் அத்தனை உண்டு அன்றோ? அந்த வீடுகளில் இப்பொழுது மாலை விளக்கை ஏற்றுபவர் யார்? 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழகத்தில் 10.4 பேர். பிள்ளைகள் வேலை தேடிப் பெயர்ந்த பின் முதியோருள் சிலர் தனித்த வீடுகளிலும், சிலர் முதியோர் இல்லங்களிலும் நாள்களை எண்ணுகின்றனர். 2007-ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோரைப் பேணாத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற வழி செய்கிறது. சட்டம் பணத்தைத் தரச் சொல்லலாம். பக்கத்தில் அமர்ந்து பேசச் சொல்ல இயலுமா?

இவ்விடத்தில் நம் குறையையும் ஒளிவின்றிச் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நாமும் முதியோர் இல்லம் ஒன்றுக்குச் செல்கிறோம். கேக் வெட்டுகிறோம், போர்வை வழங்குகிறோம், நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம். ஓராண்டு அப்படிப் புறப்படும் வேளையில் மூதாட்டி ஒருவர் நம் கையைப் பற்றி, "சாமி, போன வருசம் வந்த அந்தப் பாப்பா வரலியா?" என்று கேட்டார். எந்தப் பாப்பாவென்று நமக்கு நினைவில்லை. ஓராண்டுக் காலம் அவர் நினைவில் வைத்திருந்த முகம், நம் நினைவில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. பழைய ஏடுகளைப் புரட்டும் எண்ணம் நமக்கு அந்த வெட்கத்திலிருந்துதான் பிறந்தது.

முதுமையின் தனிமை இன்று தோன்றியதன்று. தன் முதுமையில் தன்னைத் தள்ளிவிட வேண்டாமென்று திருப்பாடல் ஆசிரியர் இறைவனிடம் மன்றாடுகிறார். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதிய புலவர், ஊன்றுகோலும் இருமலுமாய் நின்று, மடுவில் குதித்து விளையாடிய தம் இளமையை எண்ணி ஏங்குகிறார். அவர் கேட்பது உணவன்று, கேட்கும் செவி.

அத்தகைய செவியை ஓர் ஒழுங்கான பணியாக ஆக்கியவர்களுள் முன்னோடி ஒரு கல்லூரி மாணவர். 1832-இல் பாரிஸ் நகரைக் காலரா சூறையாடியது. அடுத்த ஆண்டு, 1833 ஏப்ரல் 23-ஆம் நாள், தம் இருபதாம் பிறந்த நாளில், பிரடெரிக் ஓசானாம் தம் தோழர்களோடு ஒன்றுகூடினார். புனித வின்சென்ட் தே பவுல் சபை அன்று பிறந்தது. ஏழைகளை அணுகும் முறையை அம்மாணவர்களுக்குக் கற்பித்தவர் அருட்சகோதரி ரோசலி ரெண்டு. உதவியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பாமல், வீட்டுக்குள் சென்று அமர்ந்து உரையாடுவதே அச்சபையின் உயிர்நாடியாயிற்று. இன்றும் நம் பங்குகளில் சபையினர் இருவர் இருவராய் இல்லம் சந்திப்பது அவ்வழி வந்ததே.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்சின் சேன் செர்வான் என்னும் துறைமுக ஊரில் ழான் ஜுகான் என்னும் ஏழைப் பணிப்பெண், பார்வையற்ற கைம்பெண் ஒருவரைத் தம் இல்லத்துக்குக் கொணர்ந்தார். தம் படுக்கையை அவருக்குத் தந்துவிட்டுத் தாம் பரணில் படுத்தார். முதியோர் பெருகப் பெருக, அவர்கள் பிச்சைக்குப் போகாதபடி அவர்களுக்காகத் தாமே கூடையேந்தி வீடு வீடாய்ச் சென்றார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் துறவற சபை இவ்வாறு உருவாயிற்று. 1882-இல் கொல்கத்தாவுக்கு வந்தது. சென்னைச் சேத்துப்பட்டில் அச்சகோதரிகள் நடத்தும் இல்லத்தை நம்முள் பலர் அறிவோம்.

ஆனால் அவர் வாழ்வின் பிற்பகுதியை அறிந்தோர் சிலரே. 1843-இல் சபையின் ஆன்ம குரு அவரைத் தலைமையிலிருந்து நீக்கி, நிறுவியவர் என்னும் பெயரையும் நாளடைவில் தமக்கே உரியதாக்கிக் கொண்டார். 1852 முதல் இருபத்தேழு ஆண்டுகள் தாய் இல்லத்தில் ழான் ஜுகான் எப்பொறுப்புமின்றி வாழ்ந்தார். தம்மோடு நடந்துபோகும் இந்தக் கிழவிதான் சபையின் தாய் என்பது இளஞ்சகோதரிகளுக்கே தெரியவில்லை. 1879-இல், 86-ஆம் வயதில் அவர் மறைந்தார். 2009-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். மறக்கப்பட்டோருக்குத் துணைநின்றவர், தாமும் மறக்கப்பட்டவராகவே முதுமையைக் கழித்தார். அத்தவற்றைச் செய்தவர் ஒரு குரு என்பதை, குருவாகிய நாம் மறைக்கலாகாது.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பின், 1946-இல் பாரிஸில் அர்மான் மார்கிசே, ஏழைகளின் சிறிய சகோதரர்கள் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். தன்னார்வலர்கள் தனித்து வாழ்ந்த முதியோருக்கு உணவு கொண்டு சென்றனர். அப்பத்துக்கு முன் மலர் என்பது மார்கிசேயின் கொள்கை. பசிக்கும் நாளில் மலர் எதற்கு என்று கேட்கத் தோன்றும். உணவு, நீ பசித்தவன் என்று சொல்கிறது. மலரோ, நீ எனக்கு வேண்டியவன் என்று சொல்கிறது.

நம் சென்னையும் இதில் பின்தங்கவில்லை. 1971-இல் சாவித்திரி வைத்தி, மண்டே சாரிட்டி கிளப் என்னும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். இல்லத்தரசிகளின் அந்த முயற்சியிலிருந்தே 1978-இல், ஆதரவற்ற முதிய பெண்களுக்கான விச்ராந்தி இல்லம் மலர்ந்தது. சமய எல்லைகளைக் கடந்து நாம் வணங்கத்தக்க பணி அது.

இவ்வரலாறுகள் நமக்கு உணர்த்துவது யாது? இப்பணிகள் எல்லாம் சிலர் கூடித் தொடங்கிய சிறு முயற்சிகளே. மாணவர்கள், ஒரு பணிப்பெண், இல்லத்தரசிகள். அவர்களிடம் செல்வம் மிகுதியில்லை. மீண்டும் சென்றார்கள் என்பதே அவர்களின் வலிமை. நாம் தவறியது அங்கேதான்.

மேற்சொன்ன நிகழ்ச்சிக்குப் பின், நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினரும் விடுதிகளில் தங்கிப் பூசைக்கு வரும் இளம் தொழிலாளர் சிலரும் ஓர் ஏற்பாடு செய்தனர். ஷிப்டு மாறுவதால் வார விடுமுறை எல்லோருக்கும் ஒரே நாளில் வாய்ப்பதில்லை. ஆகவே ஒரு முதியவருக்கு இருவர். ஒருவருக்கு வேலையென்றால் மற்றவர் செல்வார். கையில் பொருள் வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம். இவையே விதிகள்.

முதல் மாதம் சென்று வந்த ஒரு பெண் நம்மிடம் சொன்னதை மறக்க இயலாது. "சாமி, ஆறுதல் சொல்லத்தான் போனேன். அந்தப் பாட்டி என்னைப் பார்த்ததும் சாப்டியான்னு கேட்டாங்க. இந்த ஊருக்கு வந்து எட்டு மாசத்துல யாரும் அப்படிக் கேட்டதில்லை." அன்று மாலை அவள் தன் ஊரிலுள்ள தாய்க்குத் தொலைபேசியில் நெடுநேரம் பேசினாளாம்.

சிலுவையடியில் நின்ற தாயைச் சீடரிடம் ஒப்படைத்த ஆண்டவர், அந்தச் சீடருக்கும் ஒரு தாயைத் தந்தார். பெறுபவர் யார், தருபவர் யார் என்று அங்கே பிரிக்க இயலவில்லை. வரும் வாரம் நமக்கும் ஒரு மணி நேரம் வாய்க்கும். சென்ற ஆண்டு வந்த பாப்பாவை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கண்கள் ஏதேனும் ஓர் இல்லத்தில் இருக்கின்றன. சென்று அமர்வோம், அடுத்த வாரமும் செல்வோம்.