கேமரன் மலைத் தேயிலையும் ஆலை பெல்ட்டும்

தேயிலை ஆலையில் எஞ்சினின் விசையை உருட்டு இயந்திரத்துக்கும் உலர்த்தியின் விசிறிக்கும் கொண்டுசேர்ப்பது பெல்ட். அது அறுந்தால் வேலை நிற்கும்; நழுவினால் தேயிலையின் சுவையே கெடும்.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரசல், இலங்கைத் தோட்ட அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. கொழுந்து கிள்ளவும் ஆலையில் உழைக்கவும் தமிழர் பெருமளவில் அமர்த்தப்பட்டனர். கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திச் சலிக்கும் முறை இலங்கையிலும் அசாமிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே இயந்திரமயமாகியிருந்தது. வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த உருட்டு இயந்திரங்களை இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோ நகரில் மார்ஷல் நிறுவனம் செய்தது; சாமுவேல் டேவிட்சனின் 'சிராக்கோ' உலர்த்திகள் பெல்ஃபாஸ்ட்டில் உருவாயின.

அக்காலத் தேயிலை ஆலையில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் கிடையாது. ஒரே எஞ்சின் நீண்ட ஷாஃப்ட் ஒன்றைச் சுழற்றும். அதிலுள்ள கப்பிகளிலிருந்து தட்டையான பெல்ட்டுகள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கும். ஓர் இயந்திரத்தை மட்டும் நிறுத்த, அதன் பெல்ட்டைப் பக்கத்தில் வெறுமனே சுழலும் கப்பிக்குத் தள்ளுவார்கள்.

பெல்ட்டுகள் தோலாலும் கித்தானாலும் பலாட்டா பிசின் ஊறிய துணியாலும் ஆனவை. ஈரக்காற்றில் தோல் நீண்டு தொய்யும். பலாட்டா ஈரத்தைத் தாங்கும். ஆனால் சூட்டில் இளகும். மூடுபனி சூழ்ந்த மலையில், உள்ளே உலர்த்தியின் அனல் வீசும் ஆலைக்கு இவ்விரு குறையும் பொருந்தும். தொய்ந்த பெல்ட்டை வெட்டிக் குறுக்கி, பச்சைத்தோல் வாரால் மீண்டும் தைப்பதே பழுதுபார்ப்பு.

இந்தக் கவனம் தேவைப்பட்டதற்குக் காரணம் கொழுந்தின் இயல்பு. உருட்டும்போது இலையின் சாறு வெளிவந்து காற்றுடன் வினைபுரியத் தொடங்கும்; அதன்பின் அது காத்திருக்காது. உருட்டு இயந்திரம் நின்றால் புளிப்பு சீராக இராது. உலர்த்தி விசிறியின் பெல்ட் நழுவினால் காற்றோட்டம் குறைந்து, இலை உலராமல் புழுங்கும். தேநீர் உயிர்ப்பிழந்து சப்பென்றிருக்கும்.

1917இல் அமெரிக்காவில் ஜான் கேட்ஸ் ரப்பராலும் நூலாலும் ஆன வி-பெல்ட்டை உருவாக்கினார். இயந்திரத்துக்கொரு மின்மோட்டார் வந்த ஆலைகளில் நீண்ட ஷாஃப்ட்டின் இடத்தை இது பிடித்தது. வி-பெல்ட் கப்பியின் பள்ளத்தில் ஆப்புப்போல் அமர்ந்து, இரு பக்கங்களாலும் பிடிக்கும். அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடக்கூடாது. தேய்ந்த பெல்ட் தாழ இறங்கித் தரையைத் தொடும், பிடி தளரும். பக்கங்களில் கண்ணாடிப் பளபளப்பு, வெடிப்பு, பிரிந்த நூல், இயக்கும்போது கிறீச்சொலி, கருகிய ரப்பர் வாடை ஆகியவை அதன் அறிகுறிகள். ஒரே பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கப்பிகள் நேர்கோட்டில் இல்லை என்று பொருள். நூல் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாற்றும் முறையும் எளிது. மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்னே நகர்த்திப் பழைய பெல்ட்டைக் கழற்ற வேண்டும். திருப்புளியால் நெம்பி ஏற்றினால் உள்நூல் அறும். பல பெல்ட்டுகள் இணையாக ஓடும் இடத்தில் அனைத்தையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் தொய்யாத புதிய பெல்ட்டே சுமை முழுவதையும் இழுக்கும். பள்ளம் தேய்ந்த கப்பி புதிய பெல்ட்டையும் விரைவில் தின்றுவிடும். முதல் நாள் ஓட்டத்தில் புதிய பெல்ட் சற்று நீளும். மறுநாள் இறுக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

திறந்த பெல்ட் கையையும் உடையையும் இழுத்துக்கொள்ளும் ஆபத்து உள்ளது. மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் விசை கடத்தும் உறுப்புகளுக்குக் காப்பு வேலி கட்டாயம் என்றது. பெல்ட்டை மாற்றியபின் அந்த வேலியைத் திரும்பப் பூட்டிய பிறகே இயந்திரத்தை ஓட்ட வேண்டும்.